நுண்செவிக் கழகமும் சில்வெஸ்ரரின் பாஸும்

2003 ஆம் ஆண்டு சமாதானம் வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் அது எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட ஒருவராலும் முடியவில்லை. ஆனால் கழகங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே காட்டலாம். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. பழைய மாணவர் கழகம் இருந்தது. அதிலிருந்து கோபித்துக்கொண்டு போனவர்களின் கழகமும் இருந்தது. இவ்வளவும் போதாதென்று புளியங்கூடலில், மதிலுக்குப் புது வெள்ளை அடித்த ஒரு நாற்சார் வீட்டு வாசலில், 'தீவக நுண்செவிக் கழகம்' என்று பொன்னிற எழுத்தில் ஒரு பலகை ஏறியது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'கேட்பதற்கும் தகுதி வேண்டும்' என்று எழுதியிருந்தது.

தலைவர் அரியநாயகம் பத்தொன்பது வருடம் சுவிசில் இருந்துவிட்டு வந்தவர். வந்த நாள் தொட்டு யார் வாய் திறந்தாலும் காதைச் சற்றுச் சரித்து, முகத்தைச் சுளித்து, "உம்மடை குரலிலை நடுப்பகுதி கொஞ்சம் தடிப்பு" என்று சொல்லத் தொடங்கினார். செயலாளர் வல்லிபுரம் இளைப்பாறிய தபாலதிபர். முத்திரை குத்திப் பழகிய கை அது, முத்திரை இல்லாத எதையும் நம்பாது. பொருளாளர் சறோஜினிதேவி ரீச்சர் முப்பது வருடம் பள்ளிக்கூடங்களில் சங்கீதம் படிப்பித்தவர். அந்த முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையாவது சுருதியோடு பாடியதாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. இவர்களுக்குக் கீழே எட்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வேலை தலையாட்டுவது.

கழகத்தின் சொத்து மூன்று சோடி இயர்போன். இயர்போன் என்று சொன்னால் அரியநாயகத்துக்குக் கோபம் வந்துவிடும். இயர்போன் என்பது பஸ்ஸில் போகிற பெடியன் பாட்டுக் கேட்க வைப்பது, இது செவிமணி என்பார். ஒவ்வொரு செவிமணிக்குள்ளும் மூன்று குட்டி ஒலிபெருக்கிகள் இருந்தன. காதுக்குள் பசையை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சை வெளிநாட்டுக்கு அனுப்பி, அதன்படி வார்த்துக்கொண்டு வந்த சாமான். காதுக்குள் தக்கை மாதிரி இறுகி உட்காரும். உட்கார்ந்தால் பக்கத்தில் வெடி போட்டாலும் தெரியாது. முதலாவது சோடி ஜேர்மனி, இரண்டாவது ஜப்பான், மூன்றாவது அமெரிக்கா. மூன்றாவதன் விலைக்கு நாரந்தனையில் ஒரு படகே இறக்கலாம் என்று பேச்சு. மூன்று சோடியும் அரியநாயகத்தின் காதுக்கே அளவெடுத்தவை. மற்றவர்கள் தங்கள் காதை அதற்குள் எப்படியாவது பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது யாப்பின் நாலாம் பிரிவு.

நாள்தோறும் காலை பத்து மணியிலிருந்து பதினொரு மணிவரை ஒப்பீட்டு நேரம். ஒரே வீணை இசைத்தட்டை மூன்று சோடியாலும் மாறி மாறிக் கேட்டு, எது மேல் என்று தீர்மானிக்க வேண்டும். எட்டு மாதமாகத் தீர்மானிக்கிறார்கள். அந்த நேரத்தில் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நாலு பக்கமும் கடிதம் போனது. கல்யாண வீடு, செத்த வீடு எதுவானாலும் பத்துக்கு முன்னோ பதினொன்றுக்குப் பின்னோ வைத்துக்கொள்ளும்படி மாதா கோவிலுக்கு ஒன்று. மோட்டர் பூட்டிய படகுகளை அந்த ஒரு மணித்தியாலமும் இயக்காமல் விடும்படி மீனவர் சங்கத்துக்கு ஒன்று. மீனவர் சங்கத் தலைவர் பத்திநாதர் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்குக் கீழே கொடுத்தார். மேசை ஆட்டம் நின்றது. கழகத்தால் ஊருக்குக் கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

கடிதத்துக்குக் காகங்கள் கட்டுப்படவில்லை. எனவே காகம் கலைக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவன் கலைக்கிற சத்தம் காகத்தைவிடப் பெரிதாக இருந்தது. பொதுக்குழு கூடி ஆராய்ந்து, இனிமேல் சைகையால் மட்டும் கலைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இந்த இடத்துக்குத்தான் சில்வெஸ்ரர் போய்ச் சேர்ந்தார்.

சில்வெஸ்ரர் நாரந்தனைக் கடற்தொழிலாளி. இளமையில் சங்கு குளித்தவர். செவிடன் காதில் சங்கு ஊதினால் என்ன என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சங்கை எடுக்கப் போய்த்தான் அவன் செவிடனானான் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. ஏழு வருடமாக வலது காது முற்றாக இல்லை. இடது காதில், பக்கத்து வளவில் யாரோ கதைப்பதுபோல ஏதோ விழும். மிச்சத்தை ஆட்களின் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வார்.

ஓகஸ்ட் மாதம் கடலில் வைத்துக் கடற்படையின் ரோந்துப் படகுக்காரர் விசில் ஊதியிருக்கிறார்கள். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை இழுத்தபடி இருந்திருக்கிறார். நல்லவேளை, கிட்ட வந்து பார்த்துவிட்டுத்தான் கோபப்பட்டார்கள். முகாமில் அதிகாரி, கடலில் இறங்க அனுமதிக்கும் இவருடைய கடற்பாஸை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டு, காது கேட்கும் என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால் திருப்பித் தரலாம் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. விசில் கேட்காத மனிதன் கடலில் எத்தனை நாளைக்குத் தப்புவான்? யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காதுக்கு நாள் கேட்டால் பெப்ரவரி பதினேழு என்று எழுதிக் கொடுத்தார்கள். பாஸ் இல்லாமல் படகு தண்ணீரில் இறங்கக்கூடாது. பெப்ரவரிவரை வயிறு பொறுக்காது.

"புளியங்கூடலிலை காதுக்கெண்டு ஒரு கழகம் திறந்திருக்கினம்" என்று பத்திநாதர் அவருடைய இடது காதுக்குள் கத்தினார். "பெரிய மெசின் எல்லாம் வைச்சிருக்கினமாம். காதைச் சோதிச்சுப் பத்திரம் குடுக்கினமாம். போய்க் கேட்டுப் பாரன்."

வாசலில் வல்லிபுரம் சில்வெஸ்ரரின் காலைக் கழுவச் சொன்னார். பிறகு காதைக் கழுவச் சொன்னார். கடைசியாக மூன்று நாள் உறைப்புச் சாப்பிடாமல் வந்திருக்கிறாரா என்று கேட்டார். சில்வெஸ்ரர் கேள்வியைச் சரியாகப் பிடிக்காமல், பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தார். அது பதிவேட்டில் ஏறியது.

உள்ளே முன்னொரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறையின் நாலு சுவரிலும் முட்டைத் தட்டும் தும்பு மெத்தையும் அடித்திருந்தார்கள். காற்று வர வழியில்லை. நடுவில் மெத்தை வைத்த மூன்று கதிரைகளில் நிர்வாகிகள் மூவர். சுவரோடு பிளாஸ்ரிக் கதிரைகளில் எட்டு உறுப்பினர்கள். சில்வெஸ்ரருக்கு ஒரு முக்காலி கிடைத்தது. அதன் ஒரு கால் கட்டை.

"ஐயா, எனக்குக் காது மந்தம்" என்று அவர் முதலிலேயே சொன்னார். "பாஸ் எடுக்க ஒரு கடிதம் வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

அரியநாயகம் கண்ணை மூடித் திறந்தார். "கேட்டியளோ? தன்ரை காது மந்தம் எண்டு சொல்லுறார். எட்டு மாசத்திலை இந்த அறைக்கை வந்த ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை. எல்லாரும் தங்கடை காதைத்தான் புகழ்ந்தவை. உண்மையான செவிக்கு அடக்கம் இருக்கும். என்னைப் பாருங்கோ, நான் என்ரை செவியைப் பற்றிக் கதைக்கிறனானோ? பேப்பர்காரர் வந்து கேட்டால் மட்டும் சொல்லுவன்."

எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.

முதற் சோடியைச் சில்வெஸ்ரரின் காதில் திணித்தார்கள். காதெலும்பில் லேசாக ஏதோ அதிர்ந்தது. படகின் அடிப்பலகையில் காலை வைத்தால் தூரத்து மோட்டர் தெரியுமே, அப்படி. என்ன தெரிகிறது என்று வல்லிபுரம் கேட்டார். கேள்வி போய்ச் சேர்வதற்கே நேரம் எடுத்தது. கழகத்தார் அதை நிதானம் என்று குறித்துக்கொண்டார்கள்.

"கூசுது" என்றார் சில்வெஸ்ரர்.

"மேல்ஸ்தாயி கூசுது" என்று சறோஜினிதேவி ரீச்சர் திருத்தி எழுதினார். "நானும் போன மாசமே சொன்னனான்."

இரண்டாவது சோடியும் கூசியது. பிறகு மூன்றாவது வந்தது, பட்டுத்துணி விரித்த பெட்டிக்குள்ளிருந்து. அதைப் புதியவருக்குக் கொடுக்கும் முன்னர் நிர்வாகிகள் கேட்டுக் காட்டுவது வழக்கம். அரியநாயகம் முதலில் வைத்தார். அரை நிமிடத்தில் கண்ணோரம் நனைந்தது. "வீணை எனக்கு முன்னாலை ஆறடியிலை இருக்கு. மிருதங்கக்காரர் கொஞ்சம் பின்னாலை, இடக்கைப் பக்கம். அவர் வெத்திலை போட்டிருக்கிறார்" என்றார். வல்லிபுரம் வைத்தார். "வெத்திலை சரி, ஆனால் சுண்ணாம்பு கூட" என்றார். ரீச்சர் வைத்தார். தந்திக்கும் தந்திக்கும் நடுவிலுள்ள வெளியைத் தான் இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பதாகச் சொன்னார்.

சில்வெஸ்ரர் வைத்தார். காத்திருந்தார். தலையைச் சரித்து, விரலால் அழுத்தியும் பார்த்தார்.

"மற்ற ரெண்டிலையும் எலும்பிலை ஒரு அதிர்வு தெரிஞ்சுது ஐயா. இதிலை அதுவும் இல்லை. சும்மா கிடக்கு."

வல்லிபுரம் செவிமணியின் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். அது மெத்தையைச் சுற்றி, கதிரைக் காலைச் சுற்றி, கடைசியில் நிலத்தில் கிடந்தது. இசைத்தட்டுப் பெட்டியில் பூட்டுப்படவே இல்லை. முனை பளபளவென்று எல்லாரையும் பார்த்தது. தலையாட்டும் எட்டுப் பேருக்கும் எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை.

அரியநாயகம் எழுந்தார். சுவிசில் பத்தொன்பது வருடம் இருந்தவரை ஒரு கம்பி முனையால் விழுத்திவிட முடியாது. "இதைத்தான் நான் எதிர்பார்த்தனான்" என்றார். "பூட்டாமல் வைச்சதே ஒரு சோதினை. நாங்கள் மூண்டு பேரும் நினைவிலை கேட்டனாங்கள். பழகின செவி நினைவிலை கேக்கும். ஆனால் ஒண்டும் இல்லாததை ஒண்டும் இல்லை எண்டு கேக்கிறதுக்குப் பிறவிச் செவி வேணும். இவருக்குப் பொற்செவிப் பத்திரம் குடுக்கவேணும். இண்டைக்கே குடுக்கவேணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த அறையிலை நடந்தது இந்த அறையோடை இருக்கட்டும்" என்றார். தாழ்த்திய குரல் சில்வெஸ்ரருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல அங்கே என்ன நடந்தது என்றே அவருக்கு முழுதாக விளங்கியிருக்கவில்லை.

பத்திரம் தடித்த தாளில், மூன்று மொழியில், பொன் முத்திரையோடு இருந்தது. 'இதனைக் கொண்டுவரும் சில்வெஸ்ரர், ஊசி விழும் ஓசையையும் ஊசி விழாத ஓசையையும் பிரித்தறியும் செவியுடையவர் என இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.' வல்லிபுரம் ஒரு தடவை குத்தினால் போதும் என்ற இடத்தில் ஐந்து தடவை குத்தியிருந்தார்.

முகாமில் அதிகாரி பொன் முத்திரையைத் தடவிப் பார்த்தார். பத்திரத்தைக் கோப்பில் போட்டுக்கொண்டு, லாச்சியிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தார்.

"பொய்க் கடதாசி" என்றாள் வீட்டில் மனைவி மேரிசுகந்தி.

"கடதாசி பொய்தான். பாஸ் மெய்தானே."

"விசில் ஊதினால் என்ன செய்வியள்?" என்று அவள் அவருடைய முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டாள். அவள் கண்ணில் பயம் அப்படியே தெரிந்தது.

"திரும்பித் திரும்பிப் பாப்பன்."

அப்படியே பார்த்தார். ஒரு பாடு வலை இழுப்பு, ஒரு தடவை சுற்றிவரப் பார்வை. மூன்று கிழமையில் மீன் பட்டது, வீட்டில் அடுப்பு எரிந்தது, கழுத்துத்தான் இரவில் திரும்ப மறுத்தது. மேரிசுகந்தி நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டாள். இப்படியே பெப்ரவரிவரை ஓட்டிவிடலாம் என்று இருவருமே நம்பினார்கள்.

நாலாவது கிழமை வல்லிபுரம் வந்தார். தரையில் காகமும் கோவில் மணியும் இருக்கும்வரை மூன்று சோடிக்கும் நியாயம் கிடைக்காது, அதனால் இறுதி ஒப்பீட்டைக் கடலில் நடத்தக் கழகம் தீர்மானித்திருக்கிறது என்றார். பொற்செவிக்காரரின் படகு இருக்க வேறு படகு எதற்கு என்றும் கேட்டார். பத்திரம் தந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லச் சில்வெஸ்ரருக்கு வாய் வரவில்லை.

படகில் மெத்தைக் கதிரை மூன்றையும் கயிற்றால் கட்டினார்கள். இசைத்தட்டுப் பெட்டியும் அதற்குக் கார் பற்றரி ஒன்றும் ஏறின. மோட்டரைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. ஆழம் குறைந்த பரவைக் கடல்தான் என்பதால் சில்வெஸ்ரர் நீண்ட மரக்கோலை ஊன்றித் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனார். ஒரு கடல்மைல் போனதும் அரியநாயகம் கையைத் தூக்கினார். மரக்கோலிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஒப்பீட்டைக் குழப்புகிறதாம். கோலை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

"அப்ப நங்கூரக் கல்லைப் போடட்டே ஐயா?"

"வேண்டாம். கயிறு முனகும்."

"நீரோட்டம் இழுக்கும் ஐயா. அங்காலை நேவி போட்ட எல்லை. தாண்டேலாது."

அரியநாயகம் அதற்குள் மூன்றாவது சோடியைக் காதுக்குள் இறுக்கிவிட்டார். சில்வெஸ்ரரின் வாய் அசைவதைப் பார்த்துப் பெருந்தன்மையோடு புன்னகைத்து, குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தலைவரின் தலைக்கு மேலே வெயில் படாமல் பிடிக்க வேண்டும். குடை பிடித்தால் முதுகு கடலுக்கு, முகம் கழகத்துக்கு. மற்ற இருவரும் மற்ற இரண்டு சோடியோடும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இப்படியாக அந்தப் படகில் இருந்த நாலு பேரில் காது கேட்கக்கூடியவர் என்று ஒருவருமே இல்லாமற் போனது. படகு தன்பாட்டில் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

சில்வெஸ்ரருக்கு உள்ளங்காலில்தான் முதலில் தெரிந்தது. அடிப்பலகை நடுங்கியது. அவர் திரும்புவதற்குள் வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தார்கள். அது அவருக்கே கேட்டது. குடையைக் கடலில் விட்டு இரண்டு கையையும் தூக்கினார். ரோந்துப் படகு கிளப்பிய அலை வந்து தலைவரின் மடியில் விழுந்த பிறகுதான் கழகம் கண் திறந்தது.

முகாமில் விசாரித்த அதிகாரி அன்றைக்குப் பாஸைத் திருப்பித் தந்தவரேதான். அவர் எரிந்து விழவில்லை. தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தான்.

"மூன்று தடவை விசில் ஊதியிருக்கிறார்கள். நீங்கள் நிற்கவில்லை" என்று அதிகாரி சொன்னார். மேசையிலிருந்த செவிமணிகளைப் பேனாவால் தொட்டுப் பார்த்தார். "இதைக் காதில் வைத்தால் வெளியிலே ஒன்றும் கேட்காதுதானே? கேட்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன். எச்சரிக்கையோடு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். பாஸும் அவரிடமே இருக்கட்டும்."

சிப்பாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த சில்வெஸ்ரருக்குக் கடைசி வசனம் நன்றாகவே விளங்கியது. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி என்று நேர்ந்துகொண்டார். இனி அரியநாயகம் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அரியநாயகம் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேக்கேல்லையோ? தம்பி, நான் சொல்லுறதை ஐயாவுக்கு வடிவா மொழிபெயர்த்துச் சொல்லும். நுண்செவிக் கழகத்தின்ரை தலைவருக்கு ஒரு விசில் கேக்கேல்லை எண்டு அரசாங்கக் கடதாசியிலை எழுதினால், நாளைக்கு நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது? சுவிசிலை இருக்கிற எங்கடை கிளையார் என்ன நினைப்பினம்? கேட்டது. முதல் விசிலே கேட்டது."

"மூண்டும் கேட்டது" என்றார் வல்லிபுரம். "ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் நடுவிலை ஊதினவர் எச்சில் விழுங்கினவர். அதுவும் கேட்டது."

"மேல் ஷட்ஜத்திலை தொடங்கிச் சறுக்கி நிஷாதத்துக்கு வந்திட்டுது" என்றார் சறோஜினிதேவி ரீச்சர். "ஊதினவருக்குச் சுருதி ஞானம் காணாது. நான் ரெண்டு கிழமை படிப்பிச்சால் சரிவரும்."

கதவடியில் நின்ற, விசில் ஊதிய சிப்பாய் மொழிபெயர்ப்பைக் கேட்டு முகம் வாடினான். அதிகாரி எழுதத் தூக்கிய பேனாவை அப்படியே பிடித்திருந்தார்.

"கேட்டிருக்கிறது. ஆனால் நிற்கவில்லை."

"இசைத்தட்டிலை இன்னும் நாலு நிமிசம் இருந்தது" என்று அரியநாயகம் விளக்கினார். "நடுவிலை நிப்பாட்டினால் ஒப்பீடு பிழைச்சுப்போம்."

சில்வெஸ்ரர் எழுந்துவிட்டார். "எனக்குக் கேக்கேல்லை ஐயா. மெய்யாவே கேக்கேல்லை. எனக்குக் காது கேளாது. ஏழு வருசமாக் கேளாது. கர்த்தருக்குப் பொதுவாச் சொல்லுறன்."

அதிகாரி கோப்பைத் திறந்தார். பொன் முத்திரை வெளியே வந்தது. ஊசி விழும் ஓசை, ஊசி விழாத ஓசை என்று சிப்பாய் வாசித்தான். அதிகாரி அரியநாயகத்தைப் பார்த்து, இந்தப் பத்திரம் உண்மையா பொய்யா என்று கேட்டார்.

அரியநாயகம் சில்வெஸ்ரரைப் பார்க்கவில்லை. முத்திரையைப் பார்த்தார். "எங்கடை கழகம் பொய்ப் பத்திரம் குடுக்கிறேல்லை. இவருக்குக் கேக்கும். எங்களுக்குக் கேட்டதிலும் பாக்கக் கூடக் கேட்டிருக்கும்."

மூன்று பேரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள். வல்லிபுரம் முத்திரை குத்த மைத்தட்டு இருக்கிறதா என்று கேட்டார். பயணிகளுக்கு வழக்கில்லை. பாஸ் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. விசில் கேட்டும் நிற்காத குற்றத்துக்காகச் சில்வெஸ்ரரின் பாஸ் ரத்தானது. படகைத் துறையடியில் கவிழ்த்துப் போட்டு வழக்கு இலக்கம் அடித்தார்கள்.

வெளியே வந்ததும் அரியநாயகம் அவருடைய தோளில் கை வைத்தார். "கவலைப்படாதையும். உம்மடை செவியின்ரை மரியாதையைக் காப்பாத்திப்போட்டம்" என்றார். இது சில்வெஸ்ரரின் நன்மைக்காக ஒன்றுக்கு இரண்டு தடவை, இடது காதுக்குள் உரத்துச் சொல்லப்பட்டது. ஒரு மனிதனின் வயிற்றில் அடித்துவிட்டு அவன் காதைத் தடவிக்கொடுக்கிற இந்தச் சனத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த மாதக் கழக மலரில் கடல் ஒப்பீட்டின் முடிவு வந்தது. மூன்றாவது சோடியே மேல். வெளிச்சத்தம் எதையும் அது உள்ளே விடுவதில்லை என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தது. வெடிச் சத்தத்தை அது உருண்டையாகக் கேட்கச் செய்தது என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தது.

சில்வெஸ்ரர் மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்தார். மேரிசுகந்தி ஊர் ஊராகக் கருவாடு கொண்டுபோனாள். பெப்ரவரி பதினேழு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்திச் சோதித்து, வலது காது இல்லை, இடது காது காற்பங்கு என்று எழுதினார். எங்கிருந்தோ இலவசமாக வந்த காதுக்கருவி ஒன்றை, பழுப்பு நிறம், புளியங்கொட்டையளவு, இடது காதில் மாட்டிவிட்டார். பஸ் வரும்வரை மேரிசுகந்தி கதைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ இவ்வளவு உரத்தே கதைக்கிறனீ?" என்றார் சில்வெஸ்ரர்.

"ஏழு வருசமாக் கத்திக் கத்தித் தொண்டை அப்பிடியே பழகிப்போச்சுது" என்றாள் அவள். பிறகு மெதுவாக, "கேக்குதே?" என்றாள். கேட்டது.

அதிகாரி ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் பொன் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று கேட்கும் என்கிறது, ஒன்று கேளாது என்கிறது. முதற் பத்திரம் தவறுதலாகக் கொடுபட்டது என்று கழகம் ஒரு வரி எழுதித் தந்தால் போதும், வழக்கை மூடிவிட்டு, இனிக் கருவியால் விசில் கேட்கும் என்பதால் பாஸையும் தரலாம் என்றார். ஒரே ஒரு வரி.

மேரிசுகந்தியைக் கழக வாசலில் நிறுத்திவிட்டுச் சில்வெஸ்ரர் உள்ளே போனார். கட்டைக்கால் முக்காலி அங்கேயே இருந்தது. அவர் உட்காரவில்லை. டொக்டரின் கடிதத்தை நீட்டி, வேண்டியதைச் சொன்னார்.

அரியநாயகம் கடிதத்தை வாசிக்கவில்லை. பேசினார். "கழகம் பிழைவிட்டது எண்டு கழகமே எழுதுறதோ? இண்டைக்கு உமக்கு எழுதினால், நாளைக்கு மற்ற எட்டுப் பேரும் தங்கடை பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவினம். பேந்து நான் என்னத்துக்குத் தலைவர்? ஆஸ்பத்திரி அளக்கிறது காதை. நாங்கள் அளக்கிறது செவியை. உமக்குக் காது இல்லாமல் இருக்கலாம். செவி இருக்கு. அதை நாங்கள் விட்டுக்குடுக்கேலாது." பேசிக்கொண்டு போனவரின் கண் சில்வெஸ்ரரின் இடது காதில் நின்றது. "அது என்ன சாமான்? எந்த நாட்டுத் தயாரிப்பு?"

கேட்ட கையோடு கழற்றி வாங்கினார். தன் காதில் வைத்தார். எட்டுப் பேரும் முன்னுக்குச் சரிந்தார்கள். வல்லிபுரம் பதிவேட்டைத் திறந்து 'நான்காவது, ஒற்றை' என்று தலைப்பிட்டார். அரியநாயகத்தின் முகம் வரவரக் கோணியது.

"எழுதும். இதிலை எல்லாம் கேக்குது. காகம் கேக்குது. குசினியிலை சட்டி கழுவுறது கேக்குது. வாசலிலை ஒரு பொம்பிளை இருமுறாள், அதுவும் கேக்குது. ஒரு தெரிவு இல்லை, ஒரு நளினம் இல்லை. மனிசர் காதிலை வைக்கிற சாமானில்லை இது."

வல்லிபுரம் எழுதி, குத்தினார்.

சில்வெஸ்ரர் கையை நீட்டிக் கருவியை வாங்கினார். சாரத்துத் தலைப்பால் வடிவாகத் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டார். அரியநாயகம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டும்வரை ஒவ்வொரு சொல்லும் சில்வெஸ்ரருக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னவாம்?" என்றாள் மேரிசுகந்தி.

"எல்லாம் கேட்டனான். சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை."

இருவரும் துறையடியால் நடந்தார்கள். கவிழ்த்துப் போட்ட படகில் இலக்கம் இன்னும் அழியவில்லை. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. வெளிக்கடலில் யாருடைய வள்ளத்தையோ ரோந்துக்காரர் மறித்தார்கள். விசில் சத்தம் தண்ணீருக்கு மேலால் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

சில்வெஸ்ரர் நின்றார். இரண்டு கையும் தாமாகவே தோளுயரத்துக்கு எழும்பிவிட்டன.

மேரிசுகந்தி கருவாட்டுக் கடகத்தை இடுப்புக்கு மாற்றி, மற்றக் கையால் அவருடைய கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கினாள்.

"நடவுங்கோ" என்றாள். "அது எங்களுக்கில்லை."